கழகத்தில் சூரர், நாட்டணியில் தடுமாறுவது ஏன்?

கால்பந்தாட்டத்தில் ஈடுபாடு உடையோர் எங்கே கூடினாலும் எழுகின்ற வினா ஒன்று உண்டு. வாரந்தோறும் தம் கழகத்துக்காகக் கோல் மேல் கோல் அடித்துக் குவிக்கும் ஒரு வீரர், நாட்டின் சட்டையை அணிந்து களம் இறங்கியதும் வேறு மனிதராகி விடுகிறாரே, அது ஏன்? கால் அதே கால். பந்தும் அத்தகைய பந்தே. ஆடுகளத்தின் நீள அகலமும் ஏறத்தாழ அவையே. மாறியது சட்டை ஒன்றுதான். அப்படியிருக்க, ஆட்டம் மட்டும் ஏன் மாற வேண்டும்?

இவ்வினாவுக்குப் பலர் சட்டென்று ஒரு விடை கூறிவிடுவர். "கழகம் கைநிறையப் பணம் கொடுக்கிறது, அங்கே உயிரைக் கொடுத்து ஆடுகிறான். நாட்டுக்கென்றால் கடமைக்கு ஓடுகிறான்" என்பதே அவ்விடை. சொல்வதற்கு இது எளிது. சொல்பவருக்குக் கோபமும் தணிகிறது. ஆனால் ஒருவருடைய நாட்டுப்பற்றில் ஐயங்கொள்வது சிறிய குற்றச்சாட்டு அன்று. அதனைச் சுமத்துவதற்கு முன்னே ஆட்டத்தின் இயல்பைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

பெங்களூரின் வடமேற்கே பீன்யாவில் பணிபுரியும் தமிழன்பர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. சிறு பட்டறைகளும் நடுத்தர ஆலைகளும் நெருங்கி நிற்கும் தொழிற்பேட்டை அது. ஒரு பட்டறையில் ஷாப்டு கடைகிறார்கள். மற்றொரு பட்டறையில் அதற்குரிய புஷ் உருவாகிறது. தனித்தனியே கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் குற்றமற்றவை, பளபளவென்று மின்னுகின்றன. ஆயினும் பொருத்தும் நேரத்தில் ஒன்றினுள் ஒன்று இறங்க மறுக்கிறது. அல்லது இறங்கிய பின் ஆடுகிறது. அவ்வேளையில் அனுபவம் மிக்க ஃபிட்டர் ஷாப்டின் மேல் கோபிப்பதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள அளவைத்தான் அவர் பார்க்கிறார். ஒரு மயிரிழை வேறுபாடு போதும், நல்ல இரண்டு உறுப்புகள் சேர்ந்து ஒரு கெட்ட இயந்திரம் ஆகிவிடும்.

கால்பந்து வீரரின் திறமையும் இத்தகையதே. அது முழுவதும் அவருடைய காலில் குடியிருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதில் ஒரு பகுதி அவருடைய தோழர்களின் காலில் இருக்கிறது. முன்கள வீரர் ஒருவர் எதிரணியின் காவலர்களுக்கு இடையே பாய்கிறார் என்றால், பந்து அவ்விடத்துக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையினால்தான் பாய்கிறார். பந்தை அனுப்புபவரோ, அவர் அங்கே பாய்வார் என்பதை அறிந்து, அவர் புறப்படுமுன்பே உதைத்து விடுகிறார். இந்த அறிவு சொல்லிக்கொடுத்து வருவதன்று. பல மாதம் நாள்தோறும் சேர்ந்து பயின்று வருவது. அரை நொடி தாமதித்தால், நேற்று கோலாக முடிந்த அதே ஓட்டம் இன்று ஆஃப்சைடாக முடிகிறது. பார்க்கும் நமக்கோ வீரர் தவறிவிட்டதாகத் தோன்றுகிறது.

இனி, கழகத்துக்கும் நாட்டணிக்கும் உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, காலம். கழக வீரர்கள் ஆண்டில் ஒன்பது பத்து மாதங்கள் ஒன்றாகப் பயில்கிறார்கள். நாட்டணிக்கோ உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா குறித்துக் கொடுக்கும் சில நாட்களே கிடைக்கின்றன. ஆண்டில் சில முறை, பெரும்பாலும் ஒன்பது பத்து நாட்கள் அளவில் அவ்விடைவெளிகள் அமைகின்றன. அதற்குள் இரண்டு ஆட்டங்கள், பயணம், பயணக் களைப்பு ஆற ஒரு நாள். எஞ்சுவது விரல்விட்டு எண்ணத்தக்க பயிற்சி வேளைகளே. அந்த நாட்களுக்கு வெளியே நடைபெறும் போட்டிகளுக்கு வீரரை அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கழகங்களுக்குப் பொதுவாக இல்லை.

இரண்டாவது, இடம். கழகத்தில் இடப்புறம் ஆடுபவர் நாட்டணியில் நடுவே நிற்க நேரலாம். சுனில் சேத்ரியை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் எஃப்.சி. கழகம் 2013-ஆம் ஆண்டில் தோன்றியபோதே அதில் சேர்ந்தவர் அவர். வெனிசுவேலா நாட்டு மிக்கு என்பவர் அக்கழகத்தின் நடு முன்களத்தில் ஆடிய பருவங்களில் சேத்ரி பெரும்பாலும் இடப்புறமிருந்து ஆடினார். நாட்டணிக்கு வந்தால் அவரே நடு முன்கள வீரர். அவர் அதனைச் சமாளித்தார். 95 கோல்கள் அடித்துச் சாதனையும் புரிந்தார். எல்லாராலும் அது இயலுமா?

மூன்றாவது, ஆள் தேர்வு. கழகம் தனக்கு வேண்டிய ஆளை விலை கொடுத்து வாங்கலாம். தன் நட்சத்திர வீரருக்கு ஏற்ற துணையை உலகின் எந்த மூலையிலிருந்தும் கொண்டு வரலாம். நாடு எவரையும் வாங்க இயலாது. இருப்பவரைக் கொண்டே அணியை அமைக்க வேண்டும். கழகத்தில் அந்த வீரரின் குறையை ஓர் அயல்நாட்டுத் தோழர் மறைத்திருப்பார். நாட்டணியில் அந்தத் திரை விலகுகிறது. நம் நாட்டின் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் 2014 முதல் 2024-25 வரை நிகழ்ந்த பதினொரு பருவங்களிலும் மிகுதியான கோல் அடித்தமைக்குரிய தங்கக் காலணி அயல்நாட்டவருக்கே சென்றது. கோல் அடிக்கும் இடத்தில் அயல்நாட்டவரை நிறுத்தியே நம் கழகங்கள் பழகிவிட்டன. பின்பு நாட்டணியில் கோல் அடிப்பவர் இல்லையே என்று வருந்துகிறோம். விதைக்காத நிலத்தில் விளைச்சலைத் தேடுவது போன்றது இது.

நான்காவது, களைப்பு. நீண்ட பருவத்தின் இறுதியில் வரும் நாட்டுப் போட்டிக்குச் சிறந்த வீரரே மிகவும் களைத்து வருகிறார். ஏனெனில் கழகம் அவரைத்தான் ஓய்வின்றி ஆட வைத்தது.

ஐந்தாவது, பொறுப்பின் சுமை. கழகத்தில் இன்று தோற்றால் அடுத்த வாரம் ஈடு செய்யலாம். நாட்டுப் போட்டியில் ஒரு தோல்விக்கு நான்கு ஆண்டு காத்திருக்க நேரும். அச்சம் வந்தால் வீரர் துணிவான உதையைக் கைவிட்டு, பழுதில்லாத எளிய உதையை நாடுகிறார். எதிரணியும் அவர் ஒருவரையே குறிவைத்து இரண்டு மூன்று காவலரை நிறுத்துகிறது.

இக்காரணங்கள் ஏட்டளவில் நிற்பவையல்ல. பெங்களூர்வாசிகள் கண்ணாரக் கண்ட சான்று ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டு கழகப் போட்டிகள் முடிந்தபின், மே மாத நடுவில் இந்திய அணி புவனேசுவரத்தில் முகாமிட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் வீரர்கள் ஒன்றாக இருந்து பயின்றனர். சூன் 18-ஆம் நாள் லெபனானை 2-0 என்று வென்று கண்டங்களிடைக் கோப்பையைப் பெற்றனர். அங்கிருந்து நேரே பெங்களூருக்கு வந்து, கண்டீரவா விளையாட்டரங்கில் தெற்காசியப் போட்டியில் இறங்கினர். முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக நான்கு கோல். அவற்றுள் மூன்று சேத்ரியுடையவை. சூலை 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் குவைத்தோடு 1-1 என்று சமநிலை கண்டு, பெனால்டி உதைகளில் 5-4 என்று வென்றனர். பெங்களூர்க் கழகத்தின் கோல் காவலர் குர்பிரீத் சிங் சந்து கடைசி உதையைத் தடுத்தபோது அரங்கம் அதிர்ந்தது.

அதற்குப் பின் இரண்டரைத் திங்கள் கழிந்தன. சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. அது ஃபிஃபா குறித்த நாட்களுக்கு வெளியே அமைந்தது. இந்தியன் சூப்பர் லீக் பருவமும் அதே வாரத்தில் தொடங்கவிருந்தது. யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று கழகங்களுக்கும் சம்மேளனத்துக்கும் இடையே கடைசி நாள் வரை இழுபறி. இளையோர் பலரும் மூத்தோர் சிலரும் கொண்டு அவசரமாகத் திரட்டப்பட்ட அணி செப்டம்பர் 18-ஆம் நாள் சென்று சேர்ந்தது. மறுநாளே சீனத்தை எதிர்த்து ஆடியது. முடிவு 1-5. சேத்ரி அந்த அணியிலும் இருந்தார். சூலையில் கொண்டாடப்பட்ட அதே மனிதர்தாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் அவரோடு ஒரு நாள்கூட முறையாகப் பயிலாதவர்கள்.

2024-ஆம் ஆண்டு சனவரியில் கத்தார் நாட்டில் ஆசியக் கோப்பை. அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் நீண்ட முகாம் வேண்டும் என்று பலமுறை கேட்டார். கிடைத்தது சுமார் இரண்டு வாரம். காயத்தினால் சிலர் வரவும் இல்லை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் இல்லை. கூடுதலாக இரண்டு வாரம் கிடைத்திருந்தால் ஆஸ்திரேலியாவை வீழ்த்தியிருப்போம் என்று நான் கூறவரவில்லை. எதிரணிகள் வலியவை, அதனை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆயினும் ஒரு கோல்கூட விழாமல் போனதற்குச் சேர்ந்து பயிலாமை ஒரு பெருங்காரணம் என்பதை மறுக்க இயலாது.

2025-ஆம் ஆண்டிலும் இதே பாடம் கிடைத்தது. ஓய்வு பெற்றிருந்த சேத்ரி தம் நாற்பதாம் வயதில், 2024-25 பருவத்தில் கழகத்துக்காக 14 கோல் அடித்து, இந்தியர்களுள் முதலிடம் பெற்றார். அப்பருவத்தின் இடையிலேயே மார்ச்சு மாதத்தில் நாடு அவரைத் திரும்ப அழைத்தது. ஷில்லாங் நகரில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஆறு நாள் கழித்து அதே நகரில் வங்காளதேசத்தோடு நடந்த தகுதிச் சுற்று ஆட்டம் கோலின்றி முடிந்தது. கழகத்தில் அவருக்கு ஊட்டமளித்த பந்துகள் இங்கே வரவில்லை. அக்டோபர் 14-ஆம் நாள் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு, 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறும் வாய்ப்பும் கைநழுவிற்று.

அப்படியானால் கழகங்களே நாட்டணிக்குப் பகையா? அன்று. 2025-ஆம் ஆண்டு இறுதிப் பகுதியில் இந்தியன் சூப்பர் லீக் பருவம் குறித்த காலத்தில் தொடங்காமல் தடைப்பட்டிருந்தது. அதனால் வீரர்களுக்குப் போதிய ஆட்டப் பழக்கம் இல்லாமற் போயிற்று. கழக ஆட்டம் நின்றால் நாட்டணி செழிக்கும் என்று எண்ணுவது, பட்டறைகளை மூடிவிட்டால் இயந்திரம் நன்றாக அமையும் என்பது போலாகும். உறுப்பைச் செய்வது கழகம், பொருத்துவது நாட்டணி. இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் உரிய காலமும் வேண்டும்.

இந்தக் காலத்தைக் கொடுத்தபோது நம் நாடு என்ன செய்தது என்பதற்கும் சான்று உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இந்திய அணியைப் பயிற்றுவித்தவர். ஐதராபாத் நகரக் காவல் அணிக்கும் அவரே ஆசான். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கழகத்தில் பயிற்றுவித்த வீரர்கள் பலரை நாட்டணியிலும் அவர் ஆட வைத்தார். ஆகவே அவர்களுக்கு ஆசானும் புதியவரல்லர், ஆட்டமுறையும் புதியதன்று. 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

1962-ஆம் ஆண்டு சகார்த்தாவில் நடந்தது இன்னும் சிறப்புடையது. முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. நாள் செல்லச் செல்ல அணி ஒன்றுபட்டது. தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த காவலர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது, பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். இடம் மாற்றி நிறுத்துவது எப்போதும் தீங்கன்று என்பதும், நிறுத்துபவர் அந்த வீரரை நெடுநாள் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். அந்தத் தங்க அணியில் சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங் ஆகியோரோடு மோகன் பகான் கழகத்திலும் சேர்ந்து ஆடியவர் அருமைநாயகம் என்னும் தமிழர். பெங்களூரிலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற கால்கள் அவருடையவை. அயலூர் சென்றும் அவர் ஒளிவிட்டதற்குக் கழகத்துத் தோழர்களே நாட்டணியிலும் தோழர்களாக இருந்தது ஒரு காரணமன்றோ?

பிற நாடுகளின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இலண்டனின் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்று உலகைத் திகைக்க வைத்தது. புஷ்காஷ், கோச்சிஸ், போஜிக், சிபோர் முதலிய அதன் வீரர்கள் ஹோன்வேத் என்ற ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள். 2010-இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் நடுப்பகுதி பார்சிலோனா கழகத்தின் நடுப்பகுதியே. சாவியும் இனியெஸ்தாவும் நாட்டுச் சட்டையிலும் ஒருவரையொருவர் தேட வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கம் இங்கிலாந்து. 2008-ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டத்தில் மோதிய மான்செஸ்டர் யுனைடெட், செல்சி இரண்டும் ஆங்கிலக் கழகங்கள். அதே கோடையில் நடந்த ஐரோப்பிய நாடுகளின் போட்டிக்கு இங்கிலாந்து அணியோ தகுதிகூடப் பெறவில்லை. 2007 நவம்பரில் குரோவேசியாவிடம் 2-3 என்று தோற்றதே காரணம். அக்கழகங்களின் வலிமையில் பெரும்பங்கு போர்த்துகலின் ரொனால்டோ, ஐவரி கோஸ்டின் துரோக்பா போன்ற அயல்நாட்டவருடையது. எஞ்சிய ஆங்கில வீரர்கள் வெவ்வேறு கழகங்களின் பகையை நாட்டணிக்குள்ளும் சுமந்து வந்தனர் என்று அவர்களுள் சிலரே பிற்காலத்தில் கூறியிருக்கின்றனர்.

அர்ஜெண்டினாவின் மெஸ்ஸியை அறியாதார் இல்லை. பார்சிலோனாவுக்காக எல்லாக் கோப்பைகளையும் வென்ற அவர், 2014 உலகக் கோப்பையிலும், 2015, 2016 ஆண்டுகளின் தென்னமெரிக்கக் கோப்பைகளிலும் இறுதியாட்டத்தில் தோற்றார். கடைசித் தோல்வியில் பெனால்டி உதையைத் தவறவிட்டு, நாட்டணியிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். நாட்டின் மீது பற்றில்லாதவர் என்று அவரைத் தூற்றியோரும் உண்டு. சில வாரங்களில் திரும்பி வந்தார். 2018-இல் பொறுப்பேற்ற ஸ்கலோனி என்ற பயிற்சியாளர், அவருக்காக ஓடவும் அவருக்கு ஏற்பப் பந்தை அனுப்பவும் வல்ல இளைஞர்களைப் பொறுமையோடு பழக்கினார். 2021-இல் தென்னமெரிக்கக் கோப்பை. 2022-இல் உலகக் கோப்பை. முப்பத்தைந்து வயதில் மெஸ்ஸியின் கால் புதிதாய் ஒன்றையும் கற்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் கற்றனர்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? கழகப் பருவத்தின் நாட்குறிப்பை வரையும்போதே நாட்டணியின் முகாமுக்கு இடம் ஒதுக்குதல் ஒன்று. முன்களத்தின் நடுவிடத்தில் நம் இளைஞர்களையும் நம்பி ஆட வைத்தல் மற்றொன்று. பயிற்சியாளரையும் அணியையும் அடிக்கடி கலைக்காமல் பொறுத்திருத்தல் மூன்றாவது. இவை சம்மேளனமும் கழகங்களும் செய்ய வேண்டியவை.

பார்ப்பவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. சேலத்திலும் தருமபுரியிலும் கைதேர்ந்த தொழிலாளி என்று பெயரெடுத்த ஒருவர் பீன்யாவுக்கு வந்து புதிய பட்டறையில் நின்ற முதல் மாதத்தில் தடுமாறுவதுண்டு. இயந்திரம் புதிது, பேச்சு கன்னடம், பக்கத்தில் நிற்பவரின் கைப்போக்கு தெரியாது. அவருக்குத் தொழில் தெரியாது என்று அன்றே தீர்ப்புக் கூறிய மேற்பார்வையாளரும் உண்டு. ஆறு மாதம் பொறுத்து நல்ல தொழிலாளியைப் பெற்றவரும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நேயர்களுக்கு இவ்விருவருள் நேர்மையாளர் எவர் என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை நாட்டின் சட்டையில் ஒரு நட்சத்திர வீரரின் உதை குறி தவறும்போது, அவர் நெஞ்சில் பற்று இருக்கிறதா என்று கேட்குமுன், அவருக்கும் தோழர்களுக்கும் சேர்ந்து பயில எத்தனை நாள் கொடுத்தோம் என்று கேட்போமாக.